மழையை அளப்போம், வாருங்கள்!



தருமபுரி மாவட்டம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவன யாவை? ஒகேனக்கல் அருவி, மாந்தோப்புகள், கேழ்வரகுக் களி, இவற்றோடு வறட்சியும் வரும். "மழையா? அது எங்கே பெய்கிறது அங்கே!" என்று வெளியூர்க்காரர் சிரிப்பார். அவரைக் குறை கூற முடியாது. எங்கள் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழை ஏறக்குறைய 85 முதல் 90 செ.மீ. வரைதான். குடிநீருக்குக் குடத்தோடு நடந்த தலைமுறையினர் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட மாவட்டத்தில் 2024 டிசம்பர் 2 ஆம் நாள் காலை எட்டரை மணிக்கு அரூர் மழைமானியைப் பார்த்தபோது, அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் 33 செ.மீ. மழை பதிவாகியிருந்தது. ஓர் ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் கொட்டிவிட்டது! அரூருக்கு வடக்கே, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் அதே 24 மணி நேரத்தில் 50 செ.மீ. பெய்திருந்தது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் காகிதக் கப்பல்களைப் போல் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்ட காட்சியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

அந்த மழையைக் கொண்டுவந்தது 'ஃபெஞ்சல்' புயல். 2024 நவம்பர் 30 ஆம் நாள் இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரிக்கும் அரூருக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 150 கி.மீ. தொலைவு. "புயல் கடற்கரைக்காரர்களின் கவலை, மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கென்ன?" என்ற எண்ணம் எங்கள் ஊர்களில் வெகுநாளாக உண்டு. அந்த எண்ணத்தை 33 செ.மீ. மழை கரைத்துவிட்டது.

புயல் ஏன் உள்நாட்டில் மழையாகிறது?

கடல்நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்பதும், ஆவி மீண்டும் நீராகும்போது அதே வெப்பத்தை வெளிவிடுகிறது என்பதும் நீங்கள் வகுப்பில் படித்தவையே. இதனை உள்ளுறை வெப்பம் என்கிறோம். ஒரு கிலோகிராம் நீராவி மழைநீராக மாறும்போது ஏறக்குறைய 25 லட்சம் ஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. புயல் என்னும் எந்திரத்திற்கு இதுதான் விறகு. நிலத்துக்கு வந்ததும், கீழேயிருந்து கிடைத்துக்கொண்டிருந்த வெதுவெதுப்பான கடல்நீர் இல்லாமல் போகிறது. மரங்களும் மேடுகளும் வீடுகளும் உராய்ந்து காற்றைத் தடுக்கின்றன. ஆகவே காற்றின் வேகம் விரைவில் தணிந்துவிடும். வானொலியில் "புயல் வலுவிழந்தது" என்று சொல்வது இதனைத்தான்.

ஆனால் வலுவிழப்பது காற்று மட்டுமே. சுழலின் ஒரு பக்கம் வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்றை அள்ளிக்கொண்டே இருக்கும். அந்தச் சுழல் விரைந்து கடந்துவிட்டால் மழை பல ஊர்களுக்குப் பங்கிடப்படும். மெதுவாக நகர்ந்தால் ஒரே ஊரின் தலையில் கொட்டும். ஃபெஞ்சல் கரையைக் கடந்த பின் புதுச்சேரி அருகிலேயே பல மணி நேரம் ஏறத்தாழ நின்றுவிட்டது. பிறகு வலுவிழந்து மெல்ல மெல்ல மேற்கே வந்தது. சித்தேரி, கல்வராயன், சேர்வராயன் போன்ற மலைகள் குறுக்கே நிற்கும்போது ஈரக்காற்று மேலே ஏறித்தான் ஆகவேண்டும். மேலே ஏறினால் குளிரும், குளிர்ந்தால் பொழியும். எனவே "வலுவிழந்தது" என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியாகப் படுத்துவிடக் கூடாது.

அரூர்ப் பக்கம் பெய்த நீர் எங்கே போயிற்று தெரியுமா? சேர்வராயன் மலையில் பிறக்கும் வாணியாறு அரூர்ப் பக்கமாக ஓடித் தென்பெண்ணையில் கலக்கிறது. தென்பெண்ணை சாத்தனூர் அணைக்குள் போகிறது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றங்கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. கடலிலிருந்து மேற்கே வந்த நீர், ஆறாகி மறுபடியும் கிழக்கே கடலுக்கே போய்ச் சேர்ந்தது. போகிற வழியில் இருந்தவர்கள்தாம் பாவம்.

33 செ.மீ. என்றால் எவ்வளவு?

மழையை ஏன் லிட்டரில் சொல்லாமல் செ.மீ. கணக்கில் சொல்கிறார்கள் என்று நீங்கள் யோசித்ததுண்டா? பெய்த நீர் ஓடாமலும் மண்ணுக்குள் இறங்காமலும் ஆவியாகாமலும் அப்படியே தரையில் நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதே மழையளவு. உயரமாகச் சொல்வதில் ஒரு வசதி உண்டு. பரப்பு எவ்வளவோ அதனால் பெருக்கினால் நீரின் கன அளவு கிடைத்துவிடும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மி.மீ. மழை பெய்தால் சரியாக ஒரு லிட்டர். இந்த ஒரு வரியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் பெருக்கல்தான்.

பத்து மீட்டர் நீளமும் எட்டு மீட்டர் அகலமும் உள்ள மொட்டைமாடியை எடுத்துக்கொள்வோம். பரப்பு 80 சதுர மீட்டர். 330 மி.மீ. மழையில் அதன்மேல் விழுந்த நீர் 26,400 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் இரண்டு நிரம்பி, மிச்சமும் இருக்கும். ஒரு வீட்டு மாடிக்கே இவ்வளவு!

இப்போது ஓர் ஏரியைப் பார்ப்போம். மழைநீர் எந்தப் பரப்பிலிருந்து வழிந்து ஏரிக்கு வருகிறதோ அதனை நீர்ப்பிடிப்புப் பகுதி என்பார்கள். நம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி 2 சதுர கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் 33 செ.மீ. பெய்தால் 6 லட்சத்து 60 ஆயிரம் கன மீட்டர் நீர். பாதி மண்ணுக்குள் இறங்கிவிட்டது என்றாலும் 3 லட்சத்து 30 ஆயிரம் கன மீட்டர் ஏரிக்கு வரும். இது பத்து மணி நேரத்தில் சீராக வந்தால் வினாடிக்கு 9.2 கன மீட்டர், அதாவது சுமார் 324 கன அடி. அதே நீர் நான்கே மணி நேரத்தில் வந்துவிட்டால்? வினாடிக்குச் சுமார் 809 கன அடி!

ஏரி ஏற்கெனவே நிரம்பி, அதன் கலிங்கு வினாடிக்கு 400 கன அடியை வெளியேற்றக் கூடியது என்று கொள்ளுங்கள். முதல் கணக்கில் ஏரி அமைதியாகக் கோடி போகும். ஊரார் மாலை போட்டு, தேங்காய் உடைத்துக் கும்பிடுவார்கள். இரண்டாம் கணக்கில் நீர் கரைமேல் ஏறி வழியும். மண்கரையின் மேல் நீர் வழியத் தொடங்கினால் கரை அரிபட்டு உடைந்துபோக வெகுநேரம் ஆகாது. இரண்டிலும் மழை ஒன்றே. மழை பெய்த நேரம்தான் வேறு. எனவே "எவ்வளவு பெய்தது?" என்று கேட்பதோடு "எத்தனை மணி நேரத்தில் பெய்தது?" என்றும் கேட்கப் பழக வேண்டும்.

மிதந்து சென்ற கார்

ஊத்தங்கரையில் வாகனங்கள் அடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்த மாணவர் ஒருவர், "ஆயிரம் கிலோ எடையுள்ள கார் எப்படி சார் மிதக்கும்? வெள்ளம் ஆள் உயரத்திற்கு வந்திருக்குமோ?" என்று என்னிடம் கேட்டார். ஆர்க்கிமிடீஸையே கேட்டுவிடலாம்.

காரின் அடிப்பகுதி 4 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம் என்க. பரப்பு 64,000 சதுர செ.மீ. நீர் அடித்தட்டைத் தொட்ட பிறகு உயரும் ஒவ்வொரு செ.மீ.க்கும் கார் 64 லிட்டர் நீரை இடம்பெயர்க்கிறது. அதாவது 64 கிலோ எடைக்குச் சமமான உந்துவிசை கீழிருந்து மேலே கிடைக்கிறது. ஆயிரம் கிலோ காரைத் தூக்க 16 செ.மீ. போதும். அடித்தட்டு தரையிலிருந்து 17 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 33 செ.மீ. உங்கள் பெட்டியிலுள்ள அடிக்கோலைவிட மூன்று செ.மீ. அதிகம், அவ்வளவுதான். முழங்கால்கூட முழுதாக நனையாது. காருக்குள் நீர் புகுந்து நிரம்பினால் இந்தக் கணக்கு மாறும் என்பது உண்மையே. ஆனால் முழுவதும் மிதக்கும் முன்பே சக்கரங்களுக்குத் தரைப்பிடிப்பு குறைந்துவிடும். பிறகு பக்கவாட்டில் ஒரு தள்ளு போதும்.

அந்தத் தள்ளும் சாதாரணமானதன்று. ஓடும் நீரின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அரை மீட்டர் ஆழ நீரில் நிற்கும் ஒருவரின் இரு கால்களையும் சேர்த்து 25 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டு நான் கணக்கிட்டுப் பார்த்தேன். நீர் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய 6 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை. இரண்டு மீட்டர் வேகத்தில் 25 கிலோ. மூன்று மீட்டர் வேகத்தில் 57 கிலோ! "தினமும் நடக்கிற தரைப்பாலம்தானே, இடுப்புவரைகூட இல்லையே" என்று இறங்குபவர்களை வேகம்தான் வீழ்த்துகிறது, ஆழம் அன்று. வீட்டில் பெரியவர்கள் இரு சக்கர வண்டியோடு தரைப்பாலத்தைக் கடக்க முற்பட்டால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். பெரியவர்களுக்குப் புத்தி சொல்வதா என்று தயங்க வேண்டாம், கணக்குத்தானே சொல்கிறது.

ஒரு மழைமானி செய்வோம்

மழையை அளப்பது புதிய பழக்கம் அன்று. அரசாங்கக் களஞ்சியத்தில் ஒரு முழம் வாயகலமுள்ள பாத்திரத்தை மழைமானியாக வைக்க வேண்டும் என்று அர்த்தசாஸ்திரம் கூறுகிறது. கொரியாவில் செஜோங் மன்னர் காலத்தில், ஒரே அளவில் உலோக மழைமானிகள் செய்து நாடெங்கும் அனுப்பினார்கள். எங்கள் பக்கத்து உழவர்கள் "ஓர் உழவு மழை", "இரண்டு உழவு மழை" என்று, ஏர் இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்ததைக் கொண்டே மழையைச் சொல்வார்கள். உழவுக்கு அது போதுமான அளவு. வெள்ளத்துக்குப் போதாது.

வேண்டிய பொருள்கள்: வாயின் குறுக்களவு 11 செ.மீ. உள்ள ஒரு புனல், இரண்டு லிட்டர் பாட்டில், ஒரு வாளி, பள்ளி ஆய்வுக்கூடத்திலுள்ள அளவுச்சாடி. புனலின் காம்பைப் பாட்டிலுக்குள் விட்டு, இடைவெளியை மூடாமல் விடுங்கள். பாட்டிலை வாளிக்குள் நிறுத்தி, காற்றில் சாயாதபடி சுற்றிலும் கல் அடுக்குங்கள். புனல் வாளியின் வாயை முழுதும் மூடாமல் வெளியே தெரிவதால், மழைநீர் வாளிக்குள்ளும் விழும். அதைத் தடுக்க, புனலுக்குப் பொருந்தும் ஓட்டை போட்ட ஒரு தட்டை வாளியின்மேல் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி ஒட்டிவிடுங்கள்.

வாளி எதற்கு? சொல்கிறேன். புனல் வாயின் பரப்பு 3.14 × 5.5 × 5.5 = 95 சதுர செ.மீ. ஆகவே 95 மில்லிலிட்டர் நீர் சேர்ந்தால் ஒரு செ.மீ. மழை. 33 செ.மீ. மழைக்கு 3,135 மில்லிலிட்டர் சேர வேண்டும். பாட்டிலோ இரண்டு லிட்டர்! எந்த மழையை அளப்பதற்காக மழைமானி வைத்தோமோ, அந்த மழையில்தான் அது வழிந்து நம்மைக் கைவிடும். வழிந்த நீரை வாளி பிடித்து வைத்துக்கொள்ளும். பாட்டில் நீரையும் வாளி நீரையும் சேர்த்து அளந்துவிடலாம்.

குறுக்களவை அளப்பதில் கருத்தாக இருங்கள். பரப்பு குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், குறுக்களவில் நேரும் பிழை பரப்பில் இரட்டிப்பாகும். 11 செ.மீ.யில் 2 மி.மீ. தவறினால் பிழை ஏறக்குறைய 2 விழுக்காடு. பரப்பில் அது 4 விழுக்காட்டை நெருங்கிவிடும். பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

இடத் தேர்வுதான் பலரும் தவறும் கட்டம். நானும் தவறியிருக்கிறேன். முதன்முதலாக நான் வைத்த மழைமானி முருங்கை மரத்திலிருந்து நாலடி தள்ளி இருந்தது. சிறு தூறல்களில் ஒன்றுமே காட்டவில்லை. மழை நின்று அரை மணி கழித்து, காற்றடித்தபோது நிரம்பத் தொடங்கியது! மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தொலைவு தள்ளி வையுங்கள். நம் நாட்டு வானிலைத் துறையின் மழைமானிகளில் வாய் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கும். மொட்டைமாடியில் வைத்தால் காற்றின் வேகத்தில் துளிகள் புனலைத் தாண்டிப் போய், மழை குறைவாகக் காட்டும்.

தினமும் காலை 8.30 மணிக்கு அளக்க வேண்டும். வானிலைத் துறை நாடெங்கும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. நீங்களும் அப்போது அளந்தால்தான் உங்கள் கணக்கை அரூர்க் கணக்கோடு ஒப்பிட முடியும். அளந்த நாளின் தேதியிலேயே எழுதுங்கள். மழை இல்லாத நாளில் '0' என்று எழுதுங்கள். ஊருக்குப் போய்விட்டதால் அளக்காத நாளில் கோடு போடுங்கள். '0' வேறு, கோடு வேறு. கல்லூரி மாணவர்களின் செய்முறை ஏடுகளிலேயே இந்த இரண்டையும் குழப்புவதை நான் ஆண்டுதோறும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும். இடி மின்னலின்போதோ இரவு நேரத்திலோ மழைமானியைப் பார்க்க ஓடக் கூடாது. பெய்த நீர் பாட்டிலில்தான் இருக்கும், எங்கும் போய்விடாது.

ஒரு மழைமானி போதாதா?

"அரூரில் அரசாங்க மழைமானி இருக்கிறதே, நாம் வேறு ஏன் அளக்க வேண்டும்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு மழைமானியின் வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர கி.மீ. நிலம் அதைப்போல் 5 கோடி மடங்கு. தருமபுரி மாவட்டமோ ஏறக்குறைய 4,500 சதுர கி.மீ. தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் மாநிலமெங்கும் தானியங்கி மழைமானிகளை நிறுவியிருக்கிறது. அதற்குமுன் இருந்த நிலைக்கு இது பெரிய முன்னேற்றம். ஆயினும் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு மழைக்குச் செல்லாது. மழை ஒரே பானையில் வேகும் சோறு அன்று. வாணியாறு எவ்வளவு பெருகும் என்பதை அரூர் மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. மேலே மலையில் பெய்ததுதான் பெரிதும் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 1997 ஜூலை 28 அன்று இது கண்கூடாகத் தெரிந்தது. நகரின் ஒரு பகுதியில் 36 செ.மீ.க்கு மேல் மழை. சில கிலோமீட்டர் தள்ளி அதே நகரில் 5 செ.மீ. கூட இல்லை. திடீர் வெள்ளத்தில் ஐந்து பேர் மாண்டனர். கொலராடோ அரசுப் பல்கலைக்கழகத்தின் காலநிலையாளர் நோலன் டோஸ்கன், மழைமானிகளுக்கு நடுவே விழுந்த மழையைப் பிடிக்க ஒரு வழி தேடினார். 1998 இல், உள்ளூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலரின் உதவியோடு, பொதுமக்களே நான்கு அங்குல வாயுள்ள எளிய பிளாஸ்டிக் மழைமானிகளால் தினமும் காலையில் மழையை அளந்து அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார். இன்று அதில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அளக்கிறார்கள். வானிலைத் துறையினர் அந்தக் கணக்குகளைத் தினமும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்தில், வயநாட்டுக் கல்பற்றாவிலுள்ள ஹியூம் மையம் மாவட்டமெங்கும் உழவர்களையும் மற்றவர்களையும் கொண்டு இருநூறு அளவிலான மழைமானிகளில் மழையை அளந்துவருகிறது. எந்தச் சரிவில் எவ்வளவு மழை சேர்ந்தால் நிலம் சரியக்கூடும் என்பதை அந்தக் கணக்குகளிலிருந்து கண்டறிய முயல்கிறார்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் புதையுண்டனவே, அதற்கு முந்தைய நாளே அந்த மையம் எச்சரித்திருந்தது. இருந்தும் அந்த ஊர்களைக் காப்பாற்ற முடியவில்லை. மழையை அளப்பது பாதி வேலைதான். அளந்த எண் உரிய நேரத்தில் உரியவர் காதில் விழுந்து, அவர் எழுந்து நடக்கவும் வேண்டும்.

உங்கள் ஊருக்கு உங்கள் எச்சரிக்கை

வானிலைத் துறை ஒரு நாளில் 6.45 செ.மீ.க்கு மேற்பட்டால் 'கனமழை' என்றும், 11.56 செ.மீ. முதல் 'மிகக் கனமழை' என்றும், 20.45 செ.மீ. முதல் 'அதிகனமழை' என்றும் பெயரிட்டிருக்கிறது. இந்த எல்லைகள் நாடு முழுமைக்கும் பொது. ஆனால் உங்கள் ஊர் ஓடையில் தரைப்பாலம் மூழ்குவது எத்தனை செ.மீ. மழையில்? அதை எந்த அலுவலகமும் உங்களுக்குச் சொல்ல முடியாது. நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு வழி இருக்கிறது. ஒகேனக்கல்லுக்கு மேலே, தமிழக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் காவிரியின் நீர்வரத்தை அளக்கிறது. 2018, 2022, 2024 ஆம் ஆண்டுகளில் நீர்வரத்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியபோது, அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை விதித்தார்கள். கர்நாடக அணைகளில் நீர் திறந்த செய்தி ஆற்றைவிட வேகமாக வந்துவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் பரிசல்கள் கரையேறுகின்றன. இதே முறையை உங்கள் ஓடைக்கும் ஏரிக்கும் பயன்படுத்தலாம்.

கோடைக்காலத்தில், ஓடை வறண்டிருக்கும்போது, ஊராட்சியின் அனுமதி பெற்றுப் பாலத் தூணில் ஆசிரியரின் துணையோடு பத்து செ.மீ.க்கு ஒரு கோடு வரைந்து எண் எழுதுங்கள். ஏரி மதகிலும் அவ்வாறே. மழை தொடங்கியபின் கரையில், பாதுகாப்பான மேட்டில் நின்று எட்டத்திலிருந்தே படிக்கும்படி எண்கள் பெரிதாக இருக்கட்டும். மலையடிவாரத்தில் இருக்கும் பள்ளி நண்பர் ஒருவரோடு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அவர் ஊரில் எத்தனை மணிக்கு எவ்வளவு பெய்தது, உங்கள் ஓடையில் எத்தனை மணிக்கு நீர் எந்தக் கோட்டைத் தொட்டது என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். இரண்டு மூன்று பருவமழைகளில் ஓர் ஒழுங்கு புலப்படத் தொடங்கும். "மேலே 8 செ.மீ. பெய்தால் மூன்று மணி நேரம் கழித்து இங்கே நான்காம் கோடு" என்பது போல. (இவை எடுத்துக்காட்டுக்கு நான் சொன்ன எண்கள், உங்கள் ஓடையின் எண்களை ஓடைதான் சொல்ல வேண்டும்.) அந்த மூன்று மணி நேரம் மாடுகளை அவிழ்த்துவிடவும், மூதாட்டியைப் பள்ளிக்கட்டடத்துக்கு அழைத்துப் போகவும், தரைப்பாலத்தின் இருபுறமும் ஆள் நிறுத்தவும் போதும்.

ஓர் அளவு எல்லை மீறினால் முதலில் ஆசிரியரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லுங்கள். மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறைக்கான தொலைபேசி எண் 1077. மாநில அறைக்கு 1070. "ரொம்ப மழை சார்" என்று சொல்லாதீர்கள். "காலை 6 மணி முதல் 9 மணி வரை 11 செ.மீ., ஏரி கோடி போகிறது, கரையில் இன்ன இடத்தில் நீர் கசிகிறது" என்று சொல்லுங்கள். எண்ணோடு வரும் செய்திக்கு மறுமுனையில் பேனா எடுப்பார்கள்.

ஆய்வாகவே செய்ய விரும்புவோர்க்கு ஒரு வாயிலும் உண்டு. 1993 முதல் நடைபெற்றுவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து கட்டுரை படைக்கலாம். தமிழ்நாட்டில் இதனைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்திவந்துள்ளது. 2014 இல் அதன் கருப்பொருளே வானிலையையும் காலநிலையையும் புரிந்துகொள்வதாக இருந்தது. பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, மூன்றாண்டு மழைக்கணக்கு எழுதிய ஏடு உங்கள் ஊராட்சிக்குப் பயன்படும்.

வீட்டுக் கணக்கு

சில வீடுகளில் மழை நாள் காலையில் முற்றத்து ஆட்டுக்கல்லின் குழியில் தேங்கிய நீரைப் பார்த்து "நேற்று நல்ல மழை" என்பார்கள். குழியின் வாய் அகன்றும் அடி குறுகியும் இருக்கும். அதனைக் கூம்பு வடிவம் என்றே வைத்துக்கொள்வோம். ஆழம் 30 செ.மீ. குழி நிரம்பியிருந்தால் பெய்த மழை 10 செ.மீ. (கூம்பின் கன அளவு = மூன்றில் ஒரு பங்கு × வாய்ப்பரப்பு × ஆழம் என்பதிலிருந்து இது எளிதில் கிடைக்கும்.) அப்படியானால், குழியில் பாதி ஆழம், அதாவது 15 செ.மீ. நீர் நின்றால் மழை எவ்வளவு? 5 செ.மீ. என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். விடை 1.25 செ.மீ. ஏன் என்பதைச் செய்து பாருங்கள். முடிந்தால் ஒரு தாளைக் கூம்பாகச் சுருட்டி, மணலைக் கொட்டி அளந்தும் பாருங்கள்.